இடிக்குப் பிறகு பிஸ்கட்

டப்பா என் கையில் கடகடவென்று குலுங்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே எலும்பு வடிவத்தில் செய்த பிஸ்கட்டுகள் தகரத்தில் மோதி மோதி ஓரம் உதிர்ந்து அடியில் மாவாகப் படிந்திருக்கும், நான் தெருவின் நடுவே நடக்கிறேன், இரண்டு பக்கமும் வெடித்துத் தீர்ந்த சரங்களின் சிவப்புக் காகிதம் மழையில் ஊறிச் சாக்கடை ஓரம் கூழாகிக் கிடக்கிறது, மிளகு, மிளகு என்று கூப்பிடுகிறேன், கூப்பிட்டுவிட்டு நின்று கேட்கிறேன், பிறகு டப்பாவை ஆட்டுகிறேன், மறுபடி நின்று கேட்கிறேன், காதுதான் என் பிழைப்பு, பாளையங்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் காதுக்கருவிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக மனிதர்களின் காதைச் சோதிக்கிறேன், பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன், கொசு பறக்கும் அளவு, அதில் பாதி, அதிலும் பாதி, எந்த இடத்தில் ஆள் கைவிடுகிறார் என்று புள்ளி வைத்துக் கோடு இழுப்பேன், அப்படிப்பட்ட நான் மூன்று நாளாக ஒரு நாயைக் கூப்பிட்டு வரவழைக்க முடியாமல் தெருத்தெருவாக அலைகிறேன், நாயின் காது நம் காதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான உச்ச சுருதியைக் கேட்கும், அடுத்த தெருவில் சாவிக்கொத்து விழுந்தால் அதற்குத் தெரியும், ஆகவே இந்த டப்பா அதற்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை, கேட்கிறது, கேட்டும் வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது.

மிளகு வெள்ளை நாய், உடம்பெங்கும் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி, செண்பகவல்லி வைத்த பெயர், செண்பகவல்லி என் மனைவி, அவளுக்கு வலது காது முழுதும் போய்விட்டது, இடது காதில் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம், பதினோரு வருடம் முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வந்தது, அந்தக் கோட்டையும் நான்தான் இழுத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பொத்தானில் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறேன், விரல் அசையவில்லை, பேனா தாளில் இறங்கி இறங்கிப் போகிறது, நல்ல கருவியாகப் பார்த்து நானே பொருத்தினேன், வெளியே போனால் மாட்டுவாள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள், காதுக்குள்ள எவர்சில்வர் பாத்திரத்த உருட்டுன மாதிரி இருக்கு, வேணும்னா நீங்க மாட்டிப் பாருங்க என்பாள், நான் விளக்குவேன், கருவி தருவது சத்தம்தான், அதை அர்த்தமாக்குவது மூளை, மூளை பழகுவதற்கு ஆறு வாரம் விடாமல் மாட்டவேண்டும் என்று, அவள் கொஞ்ச நேரம் என் உதட்டைப் பார்ப்பாள், பிறகு நறுக்குகிற வெங்காயத்தைப் பார்ப்பாள், நான் அவளுடைய தலையின் வகிட்டிடம் மீதியை விளக்கிக்கொண்டிருப்பேன். மிளகு வந்தபிறகு கருவியின் பேச்சே இல்லை, குட்டியாக வந்து நான்கு மாதத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கேட் தாழ் சத்தம் கேட்டால் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து வாசலுக்கு இழுக்கும், குக்கர் விசில் அடித்தால் அடுப்படிக்கு இழுக்கும், பால்காரர் மணிக்கு ஒரு இழுப்பு, என் வண்டிக்கு இரண்டு இழுப்பு, எல்லாப் புடவையிலும் தலைப்பு ஓரம் சின்னச் சின்னப் பல் ஓட்டை, எனக்கு இந்தக் காது போதும் என்று அவள் சொன்னபோது அந்தக் கடையில் வேலைபார்க்கிற எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

எல்லாம் ஐப்பசி வரும்வரைதான், ஐப்பசியில் எங்கள் ஊரில் வெடியும் இடியும் சேர்ந்தே வரும், முதல் உறுமல் கேட்டதும் மிளகு துணி துவைக்கிற மிஷினுக்குப் பின்னால் போய் மூக்கைச் சுவரில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், அந்த வேளையில் அவளுக்குக் காது இல்லை, போன வருடம் அப்படி ஒரு மழை நாளில் நான் கடையில் இருக்கிறேன், அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு அவள் கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போயிருக்கிறாள், விசில் அடித்து அடித்துத் தண்ணீர் வற்றி, மூடியில் இருக்கிற பாதுகாப்புத் திருகு உருகிப் பிய்த்துக்கொண்டு பருப்பு முழுதும் கூரையில், நல்லவேளை அவள் அடுப்படியில் இல்லை, நான் வந்து பார்க்கையில் ஏணியில் ஏறிக் கூரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், மஞ்சள் கறை இன்றும் இருக்கிறது, அன்றைக்குத் தீர்மானித்தேன், இந்த நாயின் பயத்தைச் சரிசெய்தாக வேண்டும், சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா.

தெரிந்துகொண்டுதான் தொடங்கினேன், சுற்றுவட்டாரத்து நாய்களை எல்லாம் பார்த்தேன், மாடி வீட்டு ஞானதிரவியம் சாருடைய பொமரேனியன் பிங்கி, இடி வந்தால் குளியலறைக்குள் ஓடித் தண்ணீர் போகிற ஓட்டையின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும், இது என்னவே கூத்து என்றார் சார், நான் மாடிப்படியில் நின்றே விளக்கினேன், மேகத்தில் மின்னூட்டம் ஏறும்போது அடர்த்தியான முடி உள்ள நாய்க்கு முடியெல்லாம் கூசும், மூக்கைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும், ஈரத் தரையும் குழாயும் அந்த மின்னூட்டத்தைப் பூமிக்குள் இறக்கிவிடும், அதனால் இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள் என்றேன், நீரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்வே, ஆனா நான் எப்பக் குளிக்க என்றார். கால்வாய்க்கரையில் ஆட்டுக்கிடை போட்டிருக்கும் சுடலைமுத்துவின் சிப்பிப்பாறை நாய் நேர்மாறு, வரப்பில் ஏறி மேகத்துக்கு நேராக நின்று ஒவ்வொரு இடிக்கும் குரைக்கும், இடி உருண்டு உருண்டு தூரமாய்ப் போய் அடங்கியதும் காலை உயர்த்தி ஒரு செடியில் பெய்துவிட்டு வரும், அது குரைத்ததால்தான் இடி ஓடியது என்று அதற்கு நிச்சயம், ஏன் நிச்சயமாக இருக்காது, அது குரைத்த எந்த இடியாவது போகாமல் நின்றிருக்கிறதா. எங்கள் தெருமுனை மொட்டைவாலுக்கு வயதாகிக் காது செத்துவிட்டது, தலைக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை, பக்கத்தில் லட்சுமி வெடி போட்டாலும் தூங்கும், ஆனால் இடி வந்தால் எழுந்து நிற்கும், முதுகு முடி சிலிர்க்கும், ஏனென்றால் வெடி காற்றைத்தான் அடிக்கிறது, இடியின் அடி நாதம் தரையிலும் வருகிறது, மார்புக்கூட்டிலும் வருகிறது, அதைக் கேட்கக் காது வேண்டாம், பாதம் போதும், இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் செண்பகத்திடம் சொன்னேன், எனக்குந்தான் தெரியும், இடிச்சா உள்ளங்கால்ல தெரியுமே, கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே என்றாள். பேச்சியம்மாள் டீக்கடையில் கிடக்கும் துரைக்கோ வெடி என்றால் கொண்டாட்டம், டமார் என்றதும் வாலை ஆட்டிக்கொண்டு சத்தம் வந்த வீட்டுக்கு ஓடும், வெடி போட்டால் ஆட்கள் வாசலுக்கு வருவார்கள், வந்தால் கையில் அதிரசமோ முறுக்கோ இருக்கும், போடுவார்கள், இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன், சிரித்துவிட்டுப் போனேன் என்பதை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் ஏற்பாடு இப்படி, பரணில் ஒரு ஸ்பீக்கர், அதில் செல்போன் வழியாக வெடிச் சத்தமும் இடிச் சத்தமும், ஆனி மாதம் முதல் தினமும் மாலை நான்கு மணி, முதலில் டப்பாவைக் குலுக்குவேன், மிளகு எங்கிருந்தாலும் ஓடிவரும், பிஸ்கட்டைக் கொடுப்பேன், அது கடித்துச் சந்தோஷமாக இருக்கிற நேரமாகப் பார்த்துச் சத்தத்தை விடுவேன், முதல் வாரம் முப்பது டெசிபல், காகிதம் கசங்குகிற அளவு, அடுத்த வாரம் நாற்பது, பிறகு ஐம்பது, ஒவ்வொரு நாளும் நாயின் காது, வால், கண், மூச்சு எல்லாவற்றையும் தாளில் குறித்தேன், கோடு அழகாக ஏறிக்கொண்டு போனது, ஆடி பாதியில் ஒரு மாலை செண்பகம் முற்றத்துக் கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள், நீங்க டப்பாவ எடுத்தா அது ஒளியுது பாத்தியளா, நான் அவளுக்கு நேராகத் திரும்பி உதட்டை நன்றாக விரித்து, அது ஒளியவில்லை, அறுபது டெசிபலுக்கு ஏறியிருக்கிறோம், பழகுகிற கட்டத்தில் சின்னத் தயக்கம் இருக்கும், பயம் என்பது மாடிப்படி மாதிரி, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிற்கும் என்று விளக்கினேன், தாளைக் காட்டினேன், கோட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன், அவள் கிளிப்பைக் கம்பியில் மாட்டினாள். ஆவணியில் டப்பாவைக் குலுக்கினால் மிளகு மெதுவாகத்தான் வந்தது, புரட்டாசியில் நான் போய்த் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது, பிஸ்கட் அலுத்துவிட்டது என்று கம்பெனியை மாற்றினேன்.

தீபாவளி காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நான் வாசலில் நிற்கிறேன், தெருவில் ஊசி வெடியும் பொட்டு வெடியுமாக இருக்கிறது, மிளகு மிஷினுக்குப் பின்னால், நடுக்கந்தான், ஆனாலும் வீட்டுக்குள் இருக்கிறது, எதிர்வீட்டில் பத்தாயிரம் சரத்தைத் தெருவின் நீளத்துக்கு விரிக்கிறார்கள், நான் நினைத்தேன், நான்கு மாதப் பயிற்சிக்கு இதுதான் பரீட்சை, டப்பாவை எடுத்தேன், குலுக்கினேன், மிஷினுக்குப் பின்னாலிருந்து அம்பு மாதிரி ஒன்று வந்து என் கால்களுக்கு நடுவே புகுந்து, கேட்டைத் தாண்டி, விரித்த சரத்தையும் தாண்டிப் போயே போய்விட்டது, அப்புறம் சரம் வெடித்தது, ஐந்து நிமிடம், புகை, என் குரல் எனக்கே கேட்கவில்லை, புகை விலகியதும் நான் முதலில் செய்த காரியம் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற செண்பகத்தைப் பார்த்துக் கத்தியதுதான், கேட்டத் தாப்பா போடாம வச்சது யாரு, ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன்லா, அவள் என் உதட்டைப் படித்தாள், முழுதும் படித்தாள், கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு மிளகு ஓடிய திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அன்றிலிருந்து அவள் காதுக்கருவியைக் கழற்றவில்லை, காலையிலிருந்து இரவுவரை மாட்டிக்கொண்டு கேட் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள், பதினோரு வருடமாக நான் கேட்டுக் கேட்டு நடக்காதது நடந்துவிட்டது, அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை, ஒவ்வொரு நாய் குரைப்புக்கும் எழுந்திருக்கிறாள், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது, ஒற்றைக் காதில் திசை தெரியாது, இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்கிற நேர வித்தியாசத்தில்தான் திசை இருக்கிறது, அதனால் எழுந்து, சுற்றும்முற்றும் பார்த்து, உட்கார்ந்துவிடுகிறாள்.

பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை, முதல் நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம் பார்த்தேன் என்றார் ஒருவர், டப்பாவைக் குலுக்கிக்கொண்டே போனேன், இல்லை, இரண்டாம் நாள் பள்ளிக்கூட மதில் ஓரம் படுத்திருக்கிறது என்று ஞானதிரவியம் சார் போனில் சொன்னார், அந்தத் தெரு முழுதும் கேட்கும்படி குலுக்கிக்கொண்டு ஓடினேன், இப்பந்தான் இருந்திச்சுவே, நீரு திரும்புன அந்தானைக்குப் போயிட்டு என்றார், எனக்கு அவர் மேலும் கோபம், பிடித்து வைத்திருக்கக் கூடாதா, மூன்றாம் நாள், அதாவது இன்று, மத்தியானம் மூன்று மணிக்குப் பேச்சியம்மாள் கடையில் நிற்கிறேன், காலையிலிருந்து சாப்பிடவில்லை, அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய என்று கிளாசைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள், உங்க நாய் காலைல இந்தா இந்தப் பெஞ்சுக்கு அடியிலதான் துரைகூடப் படுத்துக் கெடந்திச்சு, பன்னு போட்டேன், திங்கவுஞ் செஞ்சிச்சு, தெருமுக்குல உங்க டப்பாச் சத்தம் கேட்டிச்சு பாருங்க, பன்னப் போட்டுட்டு ஓடிட்டு, நான் சொன்னேன், அப்போது ஏதாவது வண்டி சைலன்சர் வெடித்திருக்கும், நாய்க்கு எந்தச் சத்தத்துக்கு ஓடுகிறோம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது என்று, வண்டியும் வரல ஒண்ணும் வரல, நீங்கதான் வந்திய என்றாள் பேச்சியம்மாள், பிறகு, அந்தப் பக்கமா கால்வாய்க்குத்தான் போச்சு, மழை வருதுக்கு முன்ன போய்ப் பாருங்க என்று கிளாசைக் கவிழ்த்தாள்.

மேற்கே மலைப்பக்கம் கறுத்துவிட்டது, இடி தொடங்கினால் மிளகு எங்கு ஓடும், கால்வாய்க்கு அந்தப் புறம் ரயில் பாதை, எனக்கு அந்த ஒரு நினைப்புதான், வேகமாக நடந்தேன், கால்வாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் முக்கால் அளவு போகிறது, சின்னப் பாலத்துக்கு இந்தக் கரையில் நான் நிற்கிறேன், அந்தக் கரையில் சுடலைமுத்துவின் ஆட்டுக்கிடை, அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார், ஓலைச் சாய்ப்புக்கு அடியில் ஒரு கைவண்டி, வண்டிக்கு அடியில் வெள்ளையாக, புள்ளிபுள்ளியாக, மிளகு, படுத்திருக்கிறது, முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கிறது, உயிரோடு இருக்கிறது, என் கை என்னைக் கேட்காமலே டப்பாவைக் குலுக்கியது, மிளகு நக்குவதை நிறுத்தியது, காது இரண்டும் பின்னால் மடங்கின, வயிறு தரையோடு அழுந்தியது, அது என்னைப் பார்க்கவில்லை, அண்ணாந்து இடது பக்கம் மேலே பார்த்தது, அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஓலைதான் இருக்கிறது, எங்கள் வீட்டில் அந்த இடத்தில் பரண் இருக்கிறது, பரணில் ஸ்பீக்கர் இருக்கிறது, மிளகு அதற்காகக் காத்திருந்தது, ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு எழுந்து சாய்ப்பின் பின்பக்கம் ஓடி மறைந்தது, வெடி இல்லை, இடி இல்லை, வண்டி இல்லை, நான்தான், என் கையில் டப்பாதான்.

கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன், நான் சிறுவனாக இருந்தபோது அப்பா கல்குவாரியில் வெடி வைக்கிறவர், குவாரியில் செவலை என்று ஒரு நாய், வெடிக்கு முன்னால் மூன்று விசில் ஊதுவார்கள், முதல் விசிலுக்கே செவலை ஆட்களுக்கு முன்னால் ஓடித் தகரக் கொட்டகைக்குப் பின்னால் நின்று நடுங்கும், பாறை பிளக்கிற சத்தம் வந்ததும் அதன் நடுக்கம் நின்றுவிடும், ஒன்றும் நடக்காதது போல் திரும்பி வந்து அப்பாவின் தூக்குச்சட்டியை முகரும், பாத்தியால, இது வெடிக்குப் பயப்படல, விசிலுக்குப் பயப்படுது என்று அப்பா சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், கல்தூசி மணக்கிறது, அதிலிருந்து நினைப்பு கடைக்குப் போகிறது, எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை தாய் மடியில் இருக்கிறது, கைக்குழந்தைக்குப் பொத்தான் அமுக்கத் தெரியாது, அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குரங்குப் பொம்மை வைத்திருக்கிறோம், முதலில் சத்தம் விடவேண்டும், பிறகுதான் விளக்கு எரிந்து குரங்கு மேளம் அடிக்கவேண்டும், அப்போதுதான் சத்தம் கேட்டதும் குழந்தை குரங்கைத் தேடித் திரும்பும், மாற்றிச் செய்தால் ஒன்றுக்கும் உதவாது, எது முன்னால் வருகிறதோ அதுதான் பின்னால் வருவதற்கு அறிவிப்பு, வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாளே சொல்லுவேன், முதலில் சத்தம், பிறகு குரங்கு, மறந்துவிடாதே, இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன், வீட்டுக்கு வந்து நாயிடம் முதலில் பிஸ்கட், பிறகு வெடி, தினமும் நான்கு மணிக்கு, நான்கு மாதம், ஊசி போடுமுன் மிட்டாய் கொடுக்கிற மாதிரி நல்லெண்ணத்தோடு, சந்தோஷமாக இருக்கும்போது பயம் குறைவாகத் தெரியும் என்று நினைத்து, தகர டப்பாவை அந்த நாய்க்கு மின்னலாக்கி வைத்திருக்கிறேன், கேட் கேட் என்று கத்தினேனே, எதிர்வீட்டுச் சரத்துக்கு அப்போது தீயே வைக்கவில்லை, டப்பாவைத்தான் குலுக்கினேன், அதற்குப் பிறகு மூன்று நாள், காலையும் மாலையும், ஊர் முழுக்க, அது எங்கு போய் ஒதுங்கினாலும் அங்கு போய்க் குலுக்கி விரட்டியிருக்கிறேன்.

செண்பகத்துக்குச் செய்தி அனுப்பினேன், கால்வாய் ஆட்டுக்கிடை, மிளகு இங்கே, நான் வந்தால் ஓடுகிறது என்று, கால் மணி நேரத்தில் ஞானதிரவியம் சாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள், சாரை அங்கேயே நிற்கச் சொன்னாள், என் முகத்தைப் பார்த்தாள், நான் வாயைத் திறந்தேன், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, செவலையிலிருந்தா, குரங்கிலிருந்தா, கேட்டத் தொறந்து வச்சது நீ இல்ல என்று மட்டும் சொன்னேன், தெரியும், வாசல்ல நின்னு சரத்த வேடிக்கை பாக்கணும்னு நீங்கதான் தொறந்திய என்றாள், பிறகு என் கையைப் பார்த்து, அத ஆட்டாதீங்க, அப்படியே நில்லுங்க, ஆடி மாசமே சொன்னேன்லா என்றாள், காதுக்கருவியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள், மழையில நனைஞ்சாக் கெட்டுப்போகும்னு நீங்கதான சொல்லுவிய என்று சொல்லிவிட்டுப் பாலத்தைக் கடந்து போனாள், வேகமும் இல்லை, பதுங்கலும் இல்லை, கடைக்குப் போகிற நடை, சாய்ப்புக்குப் பத்தடி முன்னால் புல்லில் உட்கார்ந்தாள், சாய்ப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பைப் பின்னால் தரையில் நீளமாக விட்டுவிட்டுச் சும்மா தண்ணீரைப் பார்த்தாள், கூப்பிடவில்லை, திரும்பவில்லை.

நான் பாலத்தின் இந்த முனையில் டப்பாவோடு நிற்கிறேன், ஒரு தகர டப்பாவைச் சத்தமில்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கீழே வைத்தால் சத்தம், கை மாற்றினால் சத்தம், மூச்சு விட்டால் உள்ளே ஒரு பிஸ்கட் சரிகிறது, முதல் தூறல் மூடியின் மேல் டிக் என்று விழுந்தது, அடுத்தது, டிக், டிக், அவசரமாகச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன், தகரம் சில்லென்று இருக்கிறது, மேற்கே மின்னியது, எனக்குப் பழக்கம், எண்ணத் தொடங்கிவிட்டேன், ஒன்று, இரண்டு, மூன்று, சத்தம் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வரும், ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, இடி, மூன்று கிலோமீட்டர், சாய்ப்பின் பின்னாலிருந்து வெள்ளையாக ஒன்று வயிற்றால் ஊர்ந்து வருகிறது, வண்டிக்கு அடியில் நுழைந்து, வெளியே வந்து, புல்லில் கிடந்த புடவைத் தலைப்பை முகர்ந்தது, பல்லால் பிடித்தது, ஒரு இழுப்பு இழுத்தது, அது நடுநடுங்குவது இங்கிருந்தே தெரிகிறது, ஆனாலும் இழுத்தது, இடிக்கிறது என்று அவளுக்குச் சொல்கிறதா, வீட்டுக்குப் போகலாம் என்கிறதா, எனக்குத் தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் விளக்க யாரும் இல்லை, அவள் அப்போதும் திரும்பவில்லை, கையை மட்டும் பின்னால் நீட்டினாள், மிளகு அவள் அக்குளுக்குள் தலையை நுழைத்து மடியில் ஏறியது, அவள் தலைப்பை அதன் கழுத்தைச் சுற்றிப் போட்டு ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, பிறகு உள்ளங்கையை அதன் விலாவில் வைத்து என்னைப் பார்த்து, இடிச்சிட்டா என்று கேட்டாள், தலையாட்டினேன், இங்க வாங்க என்று கை காட்டினாள், பிறகு விரலால் டப்பாவைச் சுட்டிக்காட்டி, ஒன்றைக் கொண்டுவா என்பதுபோல் விரலைக் குவித்தாள், இடிக்குப் பிறகுதான் பிஸ்கட் என்று அவளுக்கு எப்படித் தெரியும், நான் எதையும் சொல்லவில்லையே, சொல்லாததால்தான் தெரிந்ததோ என்னவோ.

போகவேண்டும், ஆனால் நடந்தால் டப்பா பேசும், காது சோதிக்கும்போது ஒரு காதுக்குச் சத்தம் அனுப்பினால் மற்ற காது எட்டிக் கேட்டுவிடாமல் இருக்க அதில் இரைச்சலை ஊற்றி மறைப்போம், சத்தத்தைச் சத்தத்தால்தான் மறைக்க முடியும், அதனால் பாலத்தின் முனையில் மின்னலுக்காக நின்றேன், மின்னியது, ஏழுவரை எண்ணினேன், இடித்தது, அது உருளுகிறவரை நான்கு அடி எடுத்துவைத்தேன், அடங்கியதும் நின்றேன், ஞானதிரவியம் சார் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி நனைந்துகொண்டே என்னைப் பார்த்து, என்னவே செய்யுதீரு என்றார், கையால் வாயைப் பொத்திக் காட்டினேன், மறுபடி மின்னல், ஐந்து, இடி, இன்னும் ஐந்து அடி, மூன்று நாளாக இடி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவன் இப்போது அடுத்தது எப்போது வரும் என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலைத் தூக்கியபடி பாலத்தின் நடுவில் நிற்கிறேன், மேகம் வேண்டுமென்றே காக்கவைக்கிறது, பற்களைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று, இப்போது அவளுக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறேன், மிளகு என்னைப் பார்க்கவில்லை, அவள் முழங்கைக்குள் முகத்தை வைத்திருக்கிறது, கடைசி இடியின் மறைவில் மூடியை நகத்தால் நெம்பி ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன், நீட்டினேன், வேண்டாம் என்று முகத்தை இன்னும் உள்ளே நுழைத்தது, பயந்த வயிற்றில் பசி இருக்காது, அது தெரிந்ததுதான், செண்பகம் என் கையிலிருந்து அதை வாங்கி ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள், உப்பே இல்ல, இதுக்கா அது நாலு மாசம் கஷ்டப்பட்டுச்சு என்றாள், மீதியை மிளகின் மூக்குக்கு அருகே தன் மடியில் வைத்தாள். தலைக்கு மேல் வானம் முழுதும் வெளுத்து அணைந்தது, அவள் என்னைப் பார்க்கிறாள், நான் விரல்களால் அவளுக்கு எண்ணிக் காட்டுகிறேன், ஒன்று, அவள் உள்ளங்கை மிளகின் விலாவில், இரண்டு, என் கையில் அடுத்த பிஸ்கட், சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி டப்பா இருக்கிறது, குலுங்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு நானும் அதுவும் காத்திருக்கிறோம், முதலில் இடி வரட்டும்.